முதல் ஆர்டருக்கு யாரிடம் போவது? விழாப் படம் எடுப்பவர்களுக்கு உள்ள வழிகள், ஓர் ஒப்பீடு

போன ஐப்பசியில் ஒரு பெண் போன் செய்தாள். ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். விஸ்காம் படித்து முடித்து, தவணையில் கேமராவும் வாங்கிவிட்டாள். "அக்கா, ஆர்டர் எப்படி வரும்? ஸ்டுடியோவுக்குப் போகணுமா, இன்ஸ்டாகிராம்ல போட்டாலே வருமா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. புதுக்கோட்டையில் பதினோரு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று படம் எடுத்து வருகிறேன். எல்லா வழியிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் காலண்டர். நம் தொழிலில் வேலை எல்லாம் ஒரே நாளில்தான் வந்து விழும். தை மாதத்தில் ஒரு நல்ல வளர்பிறை முகூர்த்தம் என்றால் ஊரில் உள்ள அத்தனை மண்டபமும் நிரம்பிவிடும். கேமரா பிடிக்கத் தெரிந்த யாருமே அன்று சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்துச் செவ்வாய்க்கிழமை வந்தால் எல்லோருமே சும்மா இருப்போம். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் பெரும்பாலும் நடக்காது. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்ப்பார்கள். நோன்பு மாதத்தில் நிக்காஹ் அபூர்வம், தவக்காலத்தில் சர்ச் கல்யாணமும் அப்படித்தான். அதனால் எந்த வழியில் அதிகப் பணம் என்று மட்டும் கேட்டால் கணக்கு தப்பிப்போகும். அந்த வழி என் காலண்டரில் எந்த நாளை நிரப்புகிறது, முகூர்த்த நாளையா, காலி நாளையா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அடுத்த கேள்வி: பணம் யார் கையிலிருந்து, எப்போது வரும்?

ஸ்டுடியோவுக்கு நாள் கூலிக்குப் போவது

ஒரே முகூர்த்தத்தில் நான்கு ஆர்டர் பிடித்த ஸ்டுடியோவுக்கு எட்டுப் பத்துக் கேமரா வேண்டும். சொந்தமாக வைத்திருப்பதோ இரண்டு, மூன்று. மீதிக்கு வெளியாட்களைக் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவருக்கு வேலை இருப்பதே இந்தப் பற்றாக்குறையால்தான். அலைந்து திரிந்து ஆள் பிடிக்கத் தேவையில்லை, பேரம் பேசவும் தேவையில்லை. எடுத்ததை அன்றே ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கூலியைப் பேசும்போது "ஒரு நாள்" என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கம் கல்யாணம் என்றால் முதல் நாள் மாலை நாலு மணிக்கு மண்டபத்துக்குப் போக வேண்டும். பெண் அழைப்பு, ரிசப்ஷன் முடிய இரவு பதினொன்று. விடியற்காலை மறுபடி மணப்பெண் அலங்காரம், முகூர்த்தம், பந்தி, குடும்பப் படங்கள். கேமராவைப் பையில் வைக்க மதியம் ஆகிவிடும். இதை "ஒரு நாள்" என்று பேசுகிற ஸ்டுடியோவும் உண்டு, ஒன்றரை நாள் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற ஸ்டுடியோவும் உண்டு.

என் முதல் வருடத்தில் ஒரு ஸ்டுடியோ மூன்று கல்யாணத்துக்கான கூலியை நிறுத்தி வைத்தது. ஆல்பம் டெலிவரி ஆகி வீட்டுக்காரர்கள் மீதிப் பணம் கொடுத்தால்தான் எனக்குத் தருவார்களாம். ஆல்பம் எப்போது முடியும் என்பது என் கையில் இல்லவே இல்லை. எட்டு மாதம் நடந்தேன். அதன் பிறகு ஒரே விதிதான்: டேட்டா ஏற்றுகிற நேரத்தில் கூலி கைக்கு வர வேண்டும். நல்ல ஸ்டுடியோக்காரர்கள் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார்கள். பெரும்பாலும் அவர்களே நாள் கூலிக்குப் போய் வளர்ந்தவர்கள்.

இந்த வழியின் உண்மையான லாபம் கூலியில் இல்லை. புரோகிதர் கையைத் தூக்கி "கெட்டிமேளம்" என்று சொன்னதும் நமக்குக் கிடைப்பது சில நொடிதான். அதற்குள் நாலு பக்கமும் அட்சதைக் கைகள் உயரும், யாரோ ஒரு பெரியப்பா குறுக்கே வருவார், வீடியோக்காரர் ஒரு படி முன்னே நகர்வார். மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சும் வேண்டும், பின்னால் நிற்கும் நாத்தனார் முடிச்சும் வேண்டும். எங்கே நின்றால் இரண்டும் கிடைக்கும் என்பது இருபது கல்யாணத்தில் நின்று பார்த்தால்தான் வரும். அந்த இருபதையும் அடுத்தவர் பொறுப்பில் நின்று பழகிக்கொள்ளலாம். தாலி கட்டுவதை இரண்டாம் முறை எடுக்க முடியாது. பழகாத கையோடு ஒரு குடும்பத்தின் முழுக் கல்யாணத்தையும் தனியாக ஒப்புக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

குறை என்று பார்த்தால், நீங்கள் எடுத்த படத்தில் உங்கள் பெயர் இருக்காது. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடவும் அந்த ஸ்டுடியோ விடாது. ஐந்து வருடம் இப்படியே போனால் ஐந்து வருட அனுபவம் இருக்கும், காட்டுவதற்கு ஒரு படமும் இருக்காது. வருடத்தில் ஐந்து படமாவது என் பெயரோடு போட்டுக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மண்டபத்தைச் சுற்றி இருப்பவர்கள்

ஒரு வீட்டில் கல்யாணம் என்ற செய்தி எந்த வரிசையில் வெளியே வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஜாதகம் பொருந்தி நாள் குறித்ததும் முதலில் பிடிப்பது மண்டபம். அப்புறம் சமையல். அப்புறம் மேடை அலங்காரம், பத்திரிகை, மேக்கப். போட்டோ பெரும்பாலும் இதற்கெல்லாம் பிறகுதான். ஆக, நமக்கு முன்னால் ஐந்து பேருக்கு அந்தக் கல்யாணம் தெரியும். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் நம் பெயரைச் சொன்னால் போதும்.

ஐந்து பேரும் ஒரே மாதிரி இல்லை. மண்டப மேனேஜர் நிறையப் பெயருக்கு வாக்குக் கொடுத்திருப்பார், கமிஷனும் எதிர்பார்க்கலாம். சமையல்காரருக்குப் படத்தால் பெரிய ஆதாயம் இல்லை. பத்திரிகை அச்சடிக்கும் கடையில் ஒரு சின்ன ஆல்பம் வைத்தால் அங்கே காத்திருக்கும் குடும்பம் புரட்டிப் பார்க்கும், அது நல்ல இடம். ஆனால் எனக்கு அதிக வேலை வந்தது மேக்கப் செய்யும் பெண்களிடமிருந்துதான். அவர்கள் வேலை அன்று சாயங்காலமே அழிந்துபோகிற வேலை. அதைக் காட்ட அவர்களுக்கு நல்ல படம் வேண்டும். மணப்பெண் அலங்காரத்தில் நாலைந்து படத்தைச் சரியாக எடுத்து, வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு, மறுநாளே அவர்களுக்கு அனுப்பிவிடுவேன். காசு எதுவும் கைமாறாது. அடுத்த மணப்பெண் "போட்டோவுக்கு யாரைச் சொல்லலாம்?" என்று கேட்கும்போது என் பெயர் வரும். மணப்பெண், தானே தேடிப் பிடித்த ஆளைவிட, தன் முகத்தைத் தொட்டு அலங்கரித்தவர் சொன்ன ஆளை அதிகம் நம்புவாள்.

பெண்ணாக இருப்பதால் எனக்கு வந்த வேலையும் இங்கேதான் சேரும். மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கமுள்ள முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பக்கத்துக்குப் பெண்தான் வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு வீட்டில் முடித்தால் அந்தச் சொந்தத்திலேயே இரண்டு, மூன்று தொடரும். மஞ்சள் நீராட்டு விழாவிலும் அப்படித்தான். அந்த வயதுப் பிள்ளை கூட்டத்துக்கு நடுவே கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும். எதிரே நிற்பது ஒரு அக்கா என்றால் தோள் கொஞ்சம் தளரும். இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண்களே, இது சலுகை இல்லை, உங்களால் மட்டும் செய்ய முடிகிற வேலை. கூலியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

நேரடி ஆர்டரில் தொகை பெரிதாகத் தெரியும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஆல்பத்தோடு சேர்த்து 45,000 ரூபாய்க்கு ஒரு கல்யாணம் பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கேமராவுக்கு 4,000, ஆல்பம் அச்சுக்கு 9,000, போக்குவரத்து, சாப்பாடு 2,000, சொன்னவருக்குக் கமிஷன் 4,000 போனால் மீதி 26,000. படம் எடுக்க ஒன்றரை நாள், பொறுக்கி, கலர் திருத்தி, ஆல்பம் வடிவமைக்க நாலு நாள், பேசப் போக வர அரை நாள். மொத்தம் ஆறு நாள். நாளுக்கு 4,333. அதே ஒன்றரை நாளுக்கு ஸ்டுடியோ 4,000 கொடுத்தால் நாளுக்கு 2,667. நாலாயிரத்தையும் நாற்பத்தைந்தாயிரத்தையும் பார்த்தால் பதினோரு மடங்கு போலத் தெரியும். உழைத்த நாளால் வகுத்தால் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் வரும். நேரடி ஆர்டர் நல்லதுதான். ஆனால் அதற்காக ஸ்டுடியோ உறவை அறுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குங்கள். நாள் உறுதியாகும்போது ஒரு பங்கு. பெரும்பங்கு ரிசப்ஷன் அன்று மாலைக்குள். ஆல்பத்தின் செலவு மட்டும் கடைசிக்கு. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம், சமையல், பந்தல் என்று எல்லோரும் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள். கைக்காசு தீர்ந்த அப்பாவிடம் நாமும் போய் நிற்க வேண்டியிருக்காது. ஆல்பமோ மணமக்கள் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்தான் நகரும். மாப்பிள்ளை சிங்கப்பூர் போயிருப்பார், பெண் விசாவுக்குக் காத்திருப்பாள், ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடமும் நம் பணம் அங்கே மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தப் பிரிப்பு.

இன்ஸ்டாகிராமும் கூகுள் மேப்பும்

இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள். எனக்கு இரண்டும் வேறு வேறு. இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் ஆர்டர் கொடுப்பது சென்னை, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் சாதாரணமாக நடக்கலாம். எங்கள் மாவட்டத்தில் எனக்கு அது மிகக் குறைவு. யாரோ பெயர் சொல்லி, அதற்குப் பிறகு பெண்ணின் அண்ணன் என் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். அவன் பார்க்கும்போது பன்னிரண்டு நல்ல படம் இருந்தால் போதும். தினமும் ரீல் போட்டு இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பதைவிட அந்த நேரத்தில் ஆல்பத்தை முடித்துக் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வரும்.

கூகுள் மேப்பில் தொழிலைப் பதிவது இலவசம். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு அன்றைக்கே ஆள் தேவைப்படுகிறது என்று அர்த்தம். பிறந்தநாள், கடைத் திறப்பு போன்ற சின்ன வேலைகள் எனக்கு இப்படித்தான் வந்தன. சின்ன வேலைதான், ஆனால் அவை கல்யாண முகூர்த்தத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல, காலி நாளிலும் வரும். ஆல்பம் கொடுக்கும் அன்றே, அந்தச் சந்தோஷத்திலேயே, இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

படத்தைப் போடுவதற்கு முன் ஒரு சட்ட விஷயம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நம்மில் பலர் நாம் எடுத்தது நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் ஆர்டர் தாளிலேயே "தேர்ந்தெடுத்த படங்களை என் வேலைக்கு மாதிரியாகக் காட்டிக்கொள்ளச் சம்மதம்" என்று ஒரு வரி எழுதி ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள். மஞ்சள் நீராட்டு விழாப் படங்களைச் சம்மதம் கிடைத்தாலும் நான் போடுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு அது வேண்டுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காசு கட்டி விசாரிப்பு வாங்குவது

தொழில் செய்கிறவர்களைப் பட்டியலிடும் இணையதளங்களும் கல்யாணத் தளங்களும் மாதக் கட்டணத்துக்கோ, விசாரிப்புக்கு இவ்வளவு என்றோ, ஆள் தேடுகிற வீட்டாரின் போன் எண்களைத் தரும். பெரும்பாலும் ஒரே விசாரிப்பு பல பேருக்குப் போகும். யார் முதலில் கூப்பிடுகிறார், யார் குறைத்துச் சொல்கிறார் என்பதுதான் போட்டி. காட்டப் படம் இல்லாத புதியவருக்குக் குறைத்துச் சொல்வதைத் தவிர ஆயுதம் இல்லை. முதல் இரண்டு வருடத்தில் இதற்குக் காசு கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. சென்னையில் இருக்கிறீர்கள், நல்ல படமும் ஆள்பலமும் இருக்கிறது என்றால் ஒரு சீசனுக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். வந்த ஆர்டரில் மிஞ்சிய பணம் கட்டிய கட்டணத்தைத் தாண்டுகிறதா என்று எழுதி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை.

முகூர்த்தம் இல்லாத நாட்களின் வேலை

கம்பெனிக் கூட்டம், விற்பனையாளர் மாநாடு, பள்ளி ஆண்டு விழா, கல்லூரிப் பட்டமளிப்பு, பரதநாட்டிய அரங்கேற்றம். இவற்றில் பல வார நாளிலோ, ஆடி மார்கழியிலோ வரும். சென்னையில் இருப்பவர்களுக்கு நந்தம்பாக்கம் வர்த்தக மையம், கோவைக்காரர்களுக்குக் கொடிசியா வளாகம் என்று கண்காட்சி இடங்கள் உண்டு. அங்கே அரங்கு போடும் ஒவ்வொரு கம்பெனிக்கும் படம் வேண்டும். மார்கழியில் சென்னை சபாக்களில் கச்சேரி நிறைந்திருக்கும். தன் மேடைப் படத்துக்காக ஆள் தேடும் இளம் கலைஞர்கள் நிறைய. ஃபிளாஷ் போடக் கூடாது, ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது, ஆலாபனையின்போது எழுந்து நடக்கக் கூடாது. சபாவில் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்பெனி வேலையில் பேரம் குறைவு, ஆல்பமும் கிடையாது. அன்றிரவே இருபது படம் போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பணம் மெதுவாக வரும். பில் கொடுக்க வேண்டும், பான் எண் கேட்பார்கள், வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். பிடித்த வரி உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ள வேண்டும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நம்மைப் போன்ற சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. உத்யம் பதிவை, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவை, மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். 2006-ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம், பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டியும் உண்டு. என் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடிக்க ஆரம்பித்த பிறகு கணக்குப் பிரிவிலிருந்து வரும் பதிலின் தொனியே மாறியது.

புதுக்கோட்டையில் எங்களுக்கு எத்தனை கம்பெனி இருக்கிறது? அதனால் ஆடியில் எனக்குக் கைகொடுப்பது வேறு. கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும், மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற விருந்து. செலவைப் பகிர்ந்துகொள்ள நாலைந்து பேர் சேர்ந்துகூட வைப்பார்கள். அதற்கு முன் பிளக்ஸுக்குப் படம், அன்று பந்தியும் மொய் எழுதும் இடமும். குலதெய்வம் கோயிலில் காதுகுத்தும் அதே நாட்களில் வரும். கல்யாணத்துக்கு நேர்மாறாக, அன்று மதியம் அந்த வீட்டில் பணம் இருக்கும். மீதியை அங்கேயே வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். திருவிழாவோ, ஆண்டுப் பொதுக்கூட்டமோ, எதுவோ. அதைக் கண்டுபிடிப்பது உள்ளூர்க்காரருக்கு மட்டும் முடியும்.

யாருக்கு எது?

தவணை ஓடுகிறது, கல்யாணம் தனியாக எடுத்ததில்லை என்றால் முகூர்த்த நாட்களை ஸ்டுடியோவுக்குக் கொடுங்கள், குறைந்தது ஒரு சீசன். காலி நாட்களைப் பிறந்தநாள், வளைகாப்பு என்று உங்கள் பெயரில் நிரப்புங்கள். காட்டுவதற்கான படம் அங்கிருந்துதான் வரும். இரண்டு வருடம் போய்விட்டது, கையில் படம் இருக்கிறது என்றால் மேக்கப் பெண்கள், அச்சகம் என்று சுற்றி இருப்பவர்களிடம் போங்கள். சீசனுக்கு நாலு நேரடி ஆர்டர் வந்தால் போதும், மீதி முகூர்த்தம் ஸ்டுடியோவுக்கே இருக்கட்டும். பெரிய நகரத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே எடுப்பவர்களுக்குக் கம்பெனி வேலையைவிட அரங்கேற்றமும் கச்சேரியும் பொருந்தும், மாலையிலும் விடுமுறையிலும் நடப்பதால். எந்த வழியானாலும் இரண்டு கார்டு போடுகிற கேமராவைக் கொண்டுபோங்கள். சொந்தமாக இல்லாவிட்டால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். ஒரு கார்டு போய்விட்டால் அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

அந்த ஆலங்குடிப் பெண் தையில் மூன்று முகூர்த்தத்துக்கு ஒரு ஸ்டுடியோவில் ஒப்புக்கொண்டாள். டேட்டா ஏற்றும்போதே கூலி என்று பேசிவிட்டதாகச் சொன்னாள். முதல் கல்யாணம் முடிந்த மதியம் மண்டப வாசலில் நின்றே எனக்கு போன் செய்தாள். நாத்தனார் முடிச்சு கிடைக்கவில்லையாம், மாமாவின் தோள் மறைத்துவிட்டதாம். எங்கே நின்றாய் என்று கேட்டேன். மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் என்றாள். அடுத்த தடவை இடப்பக்கம், ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நில் என்று சொன்னேன்.